சேற்றோடு வந்த ஆடிட்டர்

அண்ணன் தன் வேட்டை நாய்கள் இரண்டையும் கொண்டுவந்து விட்டபோது, "ரெண்டும் தங்கம்மா, சத்தமே போடாதுங்க" என்று மட்டும்தான் சொன்னான். சேற்றைப் பற்றி மூச்சுவிடவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பிரசவம். போனால் திரும்பி வர இரண்டு மூன்று மாதம் ஆகும். ஏரிக்கரை வீட்டில் நாய்களைத் தனியே விட்டுப் போக அவனுக்கு மனம் வரவில்லை. தங்கை வீட்டை விட்டால் வேறு போக்கிடமும் இல்லை. பெரியதன் பெயர் மேனேஜர், சின்னதன் பெயர் ஆடிட்டர். அண்ணன் பாங்கியில் காலமெல்லாம் குப்பை கொட்டியவன். அங்கே வந்துபோன மேனேஜர்களுக்கும் ஆடிட்டர்களுக்கும் எழுந்து நின்றே முழங்கால் தேய்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தவன், ஓய்வு பெற்ற கையோடு இரண்டு குட்டிகளை வாங்கி இந்தப் பெயர்களை வைத்துவிட்டான். "மேனேஜர், உக்காரு! ஆடிட்டர், வாயை மூடு!" என்று அவன் அதட்டும்போது முகத்தைப் பார்க்கவேண்டும். பென்ஷன் வாங்கும்போதுகூட அப்படி ஒரு களை வராது.

வாத்து வேட்டைக்கென்றே பிறந்த சாதி. சுட்ட வாத்து சதுப்பில் எங்கே விழுந்தாலும் கழுத்தளவு சேற்றில் நீந்திப் போய்க் கவ்விக்கொண்டு வந்து எஜமானின் கையில் வைக்கும். கவ்வுவது என்றால் அப்படி ஒரு பதமாகக் கவ்வும்; முட்டையைக் கொடுத்தால் முட்டை உடையாது. பழுப்பு நிறம், சுருட்டை முடி, தொங்கும் காது, எதையும் நம்பிவிடுகிற கண்.

தங்கைக்குப் பெயர்தான் சங்கடமாக இருந்தது. அவள் குடிநீர் அலுவலகத்தில் புகார் எழுதிக்கொள்ளும் இடத்தில் வேலை பார்த்தாள். வருஷா வருஷம் ஆடிட்டர் வருகிறார் என்றால் அங்கே மின்விசிறிகூட மெதுவாகத்தான் சுற்றும். அந்தப் பழக்கத்தில் நாயை 'வாடா, போடா' என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. "ஆடிட்டர் சாப்பிட்டாரா?" என்றுதான் கேட்பாள். அவள் கணவர் பல்செட் கட்டுகிறவர், வீட்டு முன்னறைதான் அவருடைய பட்டறை. "சாப்பிட்டாரு, என் செருப்பையும் சேர்த்து" என்பார்.

அது மழை ஏமாற்றிய வருஷம். ஊரெல்லாம் தண்ணீர்த் தட்டுப்பாடு. மற்ற தெருக்களில் காலையில் கொஞ்ச நேரமாவது குழாய் நூல் மாதிரி ஒழுகியது. இவர்கள் தெருவில் திறந்தால் உஸ்ஸென்று காற்றுதான் வந்தது. இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, "கடைசித் தெரு, பிரஷர் பத்தலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். லாரி வந்தால் குடம், வாளி, குக்கர் எல்லாம் வரிசையில் நிற்கும்.

அவளுக்கு இரட்டைத் தலைவலி. பகலெல்லாம் காதில் மாட்டிய போனில், "தண்ணி வரலைங்க" என்று ஊர் புலம்பும். "உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டோம், சீக்கிரமே நடவடிக்கை எடுப்போம்" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி, சாயங்காலம் தெருவுக்குள் நுழைந்தால் அதே புலம்பல் நேரில் காத்திருக்கும். "தண்ணியாபீஸ் அக்கா வந்தாச்சு, தண்ணி எங்கே?" என்று முனையில் இருக்கும் சலூன்காரர் கத்தரியை ஆட்டிக் கேட்பார். விளையாட்டாகத்தான் கேட்பார். ஆனாலும் சுருக்கென்று இருக்கும்.

நாய்கள் வந்த மறுவாரம் ஒரு நாள் அவள் வேலை முடிந்து வந்து கதவைத் தள்ளினாள். கூடம் முழுக்கச் சேறு. சுவரில் வாலால் வெள்ளையடித்த மாதிரி கறுப்புப் பட்டை. நடுவில் இரண்டு உருவங்கள். எது மேனேஜர், எது ஆடிட்டர் என்று கண்டுபிடிக்க முடியவில்லை; நான்கு கண்களும் இரண்டு நாக்குகளும்தான் சுத்தமாக இருந்தன. கணவர் நாற்காலியின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, வெயிலில் காயவைத்த பல் அச்சு ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க இது?"

"உங்க அண்ணனோட தங்கம்."

"இந்த வறட்சியில சேறு எங்கேங்க கிடைச்சுது?"

"அதை அவங்ககிட்டதான் கேக்கணும். நான் கேட்டேன், என் மூஞ்சியை நக்கிட்டாங்க."

குளிப்பாட்டத் தண்ணீர் ஏது? கொல்லையில் கட்டிப்போட்டு, சேறு காய்ந்ததும் பிரஷ்ஷால் தட்டித் தட்டி உதிர்த்தாள். மறுநாள் சாயங்காலமும் அதே கதை. அதற்கு மறுநாளும். கொல்லைக் கதவுக்குத் தாழ் போட்டாள், தாழுக்குக் கம்பி சுற்றினாள். ஒன்றும் பலிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் இரண்டும் எங்கோ போய், கல்யாணத்துக்குப் போய் வந்த முகத்தோடு, காது நுனிவரை அழுக்கைப் பூசிக்கொண்டு திரும்பின.

தெரு சும்மா இருக்குமா? எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் கண்ணில்தான் முதலில் பட்டது. ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேடுகிற அம்மாள், ஆனால் எதிர்வீட்டு வாசலில் ஒரு சொட்டு விழுந்தால் தெரிந்துவிடும். அன்று ஆடிட்டர் உலராமலே வந்து வாசலில் நின்று உடம்பை உதறியது. சேற்றுத் தண்ணீர் நாலாபக்கமும் தெறித்தது.

"பாத்தீங்களா இந்த அநியாயத்தை!" என்று தையல்காரம்மா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே தெருவுக்கு வந்துவிட்டாள். "நாங்க முகம் கழுவின தண்ணியில பாத்திரம் கழுவறோம். இவங்க வீட்டு நாய் சேத்துலயே குளிச்சுட்டு வருது!"

சலூன்காரர் வந்தார். தையல்காரம்மாவின் கணவர் வந்தார். அவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், வாயில் பல் கிடையாது, புது செட்டுக்காக இதே வீட்டில் அச்சு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர். அதனால் பட்டும் படாமலும் பின்னால் நின்றார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க" என்று சலூன்காரர் ஆரம்பித்தார். "ஆபீஸ்லேருந்து தனியா லைன் ஏதாவது போட்டுக் குடுத்திருந்தா சொல்லிடுங்க. ஆளுக்கு ஒரு வாளி எடுத்துக்கறோம், வெளியில மூச்சு விடமாட்டோம்."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "உள்ளே வாங்க. எல்லாரும் வாங்க. கட்டிலுக்கு அடியில பாருங்க, பரண்மேல பாருங்க. ஒரு குடத்துக்கு மேல இருந்துச்சுன்னா நான் இந்தத் தெருவை விட்டே போயிடறேன்."

அவர்கள் நிஜமாகவே பார்த்தார்கள். சலூன்காரர் பரண்மேல் ஏறித் தும்மிக்கொண்டு இறங்கினார். தையல்காரம்மா கொல்லைச் சுவரைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டாள். ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் போகும்போது, "நாய்க்கு வானத்திலேருந்தா கொட்டுது?" என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் போனாள். ராத்திரிச் சாப்பாட்டின்போதும் அந்த வார்த்தைதான் தங்கையின் காதில் ஒலித்தது.

"நாளைக்கு லீவு போடப்போறேன்" என்றாள் கணவரிடம். "இதுங்க எப்படித் தாழைத் திறக்குதுங்கன்னு பாத்துடறேன்."

கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "லீவெல்லாம் எதுக்கும்மா, நான்தான் திறந்து விடறேன்" என்றார்.

"நீங்களா?"

"மத்தியானம் ஆனா ரெண்டும் கதவுகிட்ட உக்காந்து என்னையே பாக்குதுங்க. அழுதாக்கூட அதட்டிடலாம், சும்மா பாக்குதுங்க. நான் பல்லைக் கட்டறதா, அதுங்க மூஞ்சியைப் பாக்கறதா?" ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தொடர்ந்தார். "திரும்பி வர்றப்போ சிரிச்சுக்கிட்டே வருதுங்கம்மா. ஊருக்கெல்லாம் நான் பல்லு கட்டித் தர்றேன், ஒருத்தரும் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லை."

கோபப்படத்தான் நினைத்தாள். சிரிப்பு முந்திக்கொண்டது. ஆனாலும் லீவு போட்டாள்.

மறுநாள் காலையில் டிரைவர் பல்செட்டைப் போட்டுப் பார்க்க வந்தார். தெருவே சண்டை போட்டாலும் பல் வேண்டுமே. நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். பல்செட்டுக்காரர் மேல் செட்டைப் பொருத்திப் பார்த்து, ஓரம் கொஞ்சம் உறுத்துகிறது என்று கழற்றி, ராவுவதற்காகப் பக்கத்து ஸ்டூலில் வைத்தார். அரத்தை எடுக்கத் திரும்பிய அந்த நேரத்தில் ஆடிட்டர் வந்தது, ஸ்டூலை முகர்ந்தது, இளஞ்சிவப்பு ஈறும் வெள்ளைப் பல்லுமாக இருந்ததை மெத்தென்று கவ்வியது. கவ்விய மேனிக்குத் திரும்பிப் பார்த்தபோது, ஆடிட்டருக்கே புதுப் பல் முளைத்து இளித்த மாதிரி இருந்தது.

"பிழி!" என்று டிரைவர் கத்தினார். பிடி என்று சொல்ல நினைத்தார். பல் நாயின் வாயில் இருந்ததே.

கொல்லைக் கதவு பழக்கதோஷத்தில் திறந்தே கிடந்தது. ஆடிட்டர் பறந்தது, பின்னால் மேனேஜர். அதற்குப் பின்னால் அவள். அவளுக்குப் பின்னால் ஏப்ரனோடும் அரத்தோடும் கணவர், பொக்கை வாயைக் கையால் மூடியபடி டிரைவர். "எங்க வீட்டுக்காரர் பல்லு! எங்க வீட்டுக்காரர் பல்லு!" என்று தையல்காரம்மா தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். எதற்கு ஓடுகிறார்கள் என்று தெரியாமலே சலூன்காரரும் சேர்ந்துகொண்டார்.

தெருவின் பின்பக்கம் பழைய மர அறுவை மில் ஒன்று பூட்டிக் கிடந்தது. பங்காளிச் சண்டை, கேஸ், யாரும் உள்ளே போவதில்லை. மதில் ஓரிடத்தில் இடிந்து ஒரு சந்து இருந்தது. நாய்கள் இரண்டும் அதில் நுழைந்து மறைந்தன. அவள் ஒருக்களித்து நுழைந்துவிட்டாள். கணவர் பாதி உடம்பு நுழைந்து, தொப்பையில் சிக்கி, முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் நின்றுவிட்டார். "நீ போம்மா, நான் இங்கேருந்து பாத்துக்கறேன்" என்றார், காவலுக்கு நிற்பவர் மாதிரி.

உள்ளே கூரை போன கொட்டகை, துருப்பிடித்த ரம்பங்கள், மலை மலையாக மரத்தூள். மரம் உருட்டிப் போடுவதற்காக வெட்டிய பெரிய பள்ளம் ஒன்று நடுவில். அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள்.

பள்ளம் நிறையச் சேறு. மரத்தூளும் மண்ணும் குழைந்து, காப்பி நிறத்தில், வெண்ணெய் மாதிரி வழவழவென்று. மேனேஜர் தலைகுப்புறப் பாய்ந்து, மூக்கால் உழுதுகொண்டே ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போயிற்று. பிறகு மல்லாந்து விழுந்து நான்கு கால்களையும் ஆகாயத்தில் உதைத்து, முதுகை இப்படியும் அப்படியும் தேய்த்து, தொண்டைக்குள் முனகியது. வெந்நீரில் ஒத்தடம் கொடுத்தால் வயசானவர்கள் முனகுவார்களே, அந்த முனகல். ஆடிட்டர் பல்செட்டைக் கரையில் ஒரு மரக்கட்டையின் மேல் பத்திரமாக வைத்துவிட்டு, பின்னால் போய், ஓடி வந்து, தொப்பென்று வயிறு படிய விழுந்தது. சேறு அவள் முகத்தில் அறைந்தது.

பல்செட்டை எடுக்க ஓர் அடி வைத்தாள். கால் முழங்கால்வரை இறங்கியது. இழுத்தாள், கால் வந்தது, செருப்பு வரவில்லை. அடுத்த அடியில் உட்கார்ந்தே விட்டாள். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: சில்லென்று இருந்தது. சாக்கடை நாற்றம் இல்லை, ஈர மரவாசனைதான். பள்ளத்தின் ஓரத்தில், மரத்தூளுக்கு நடுவே, பால் பொங்குகிற மாதிரி மெல்ல மெல்ல ஒரு கொப்புளம் எழுந்து உடைந்துகொண்டிருந்தது. கையால் தோண்டிப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி தண்ணீர் பீறிட்டு வந்தது. உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்தாள், குளோரின் வாசனை. அவளுடைய ஆபீஸ் தண்ணீர். அவள் தெருவின் தண்ணீர்.

"ஐயோ, எல்லாரும் இங்கே வாங்களேன்!" என்று கூவினாள்.

சலூன்காரர் சந்தில் சிக்கியிருந்த பல்செட்டுக்காரரைப் பின்னாலிருந்து ஒரே தள்ளாகத் தள்ளினார். எல்லோரும் வந்து பார்த்தார்கள். குழாய் பூமிக்கடியில் வெடித்து, வந்த தண்ணீரையெல்லாம் மில்லின் மரத்தூள் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியவில்லை. தையல்காரம்மா குனிந்து அந்த ஊற்றில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்காமலே, "அக்கா..." என்றாள். வாய் ஓயாத தையல்காரம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தையே பெரிய மன்னிப்பு.

அவள் சேற்றில் உட்கார்ந்தபடியே, சலூன்காரரின் போனை வாங்கி, தன் ஆபீஸ் புகார் எண்ணை அழுத்தினாள். பக்கத்து சீட்டுப் பெண் எடுத்தாள்.

"குழாய் வெடிச்சு தண்ணி வீணாப் போகுதுங்க. மர மில்லுக்குள்ள."

"உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டோம். சீக்கிரமே நடவடிக்கை எடுப்போம்."

"உடனே யாராவது வரணும்மா, ஆறு மாதிரி ஓடுது."

"பதிவு பண்ணிட்டோம்ங்க. சீக்கிரமே..."

"அடியே, நான்தாண்டி! நான்தான் பேசறேன்! குழாய்க்குள்ளயே உக்காந்துக்கிட்டுப் பேசறேன்!"

எதிர்முனையில் பேனாவைக் கீழே போடும் சத்தம் கேட்டது. பிறகு, "அக்கா, நீங்க இன்னிக்கு லீவாச்சே?" என்றாள் அந்தப் பெண்.

டிரைவர் இதற்குள் தன் பல்லை எடுத்து, ஊற்றுத் தண்ணீரில் அலசி, வாயில் போட்டுக்கொண்டுவிட்டார். "ஐயா, ஐயா, வெந்நீர்ல போடணும்!" என்று பல்செட்டுக்காரர் பதறினார். "இப்போ உறுத்தவே இல்லை, அப்படியே விடுங்க" என்று டிரைவர் தெள்ளத் தெளிவாகச் சொன்னார்.

இன்ஜினியர் ஆட்களோடு வந்தார். இளைஞர்தான், நல்ல மாதிரி. பள்ளத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். "வால்வு வரைக்கும் பாத்தேன் அக்கா. மதிலுக்கு இந்தப் பக்கம் எட்டிப் பாக்கணும்னு தோணவே இல்லை" என்று அவளிடம் நேராகவே ஒப்புக்கொண்டார். தோண்டி, உடைந்த இணைப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார்கள். அந்த வார முடிவிலேயே தெருவில் தண்ணீர் வந்தது. முதலில் செந்நிறம், பிறகு கலங்கல், பிறகு சுத்தம். சலூன்காரர் வாசலில் நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் தலையை நனைத்துவிட்டார், முடி வெட்டுகிறவர்களா இல்லையா என்றுகூடக் கேட்கவில்லை. தையல்காரம்மா இரண்டு வாளி நிறைத்துக் கொண்டுவந்து, "மேனேஜரை நான் குளிப்பாட்டறேன், ஆடிட்டரை நீங்க பாத்துக்குங்க" என்றாள். சுத்தமான தண்ணீர் என்றால் இரண்டுக்கும் ஆகாது. மேனேஜர் தையல்காரம்மாவைக் கொல்லை முழுக்க இழுத்துக்கொண்டு ஓடியது. கடைசியில் நனைந்தது தையல்காரம்மாதான்.

அண்ணன் போனில் கூப்பிட்டு, பேத்தி பிறந்த சேதியைச் சொல்லிவிட்டு, "நாய்ங்க எப்படிம்மா இருக்கு? கொஞ்சம் சேத்துல புரளும், கண்டுக்காதே" என்றான்.

"இப்போ சொல்றியேண்ணா" என்றாள்.

கதை இதோடு முடிந்திருக்கும். ஆனால் அடுத்த வாரம் இன்ஜினியர் அவள் மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, மார்க்கெட் பின்பக்கமும் தண்ணி எங்கேயோ கசியுது, கண்டுபிடிக்க முடியலை. உங்க... சார்ங்க ரெண்டு பேரும் நாளைக்கு ஃப்ரீயா?" என்றார்.

ஆபீஸ் ஜீப் வந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. சலவை செய்த உடுப்பு உடுத்திக்கொண்டாள். மேனேஜர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தது, இன்ஜினியர் பின்னால் போகவேண்டியதாயிற்று. மார்க்கெட் பின்னால் இறக்கிவிட்டதும் இரண்டும் மூக்கைத் தூக்கின, காற்றைப் பிடித்தன, ஒரே திசையில் பாய்ந்தன. "அதோ, அதோ!" என்று இன்ஜினியர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். கிடங்குகளைத் தாண்டி, தள்ளுவண்டிகளைத் தாண்டி, முட்புதரைப் பிளந்துகொண்டு நாய்கள் குதித்தன. கயிற்றை விட மறந்த இன்ஜினியரும் குதித்தார்.

அது மார்க்கெட்டின் கழிவுக் குட்டை. அழுகின காய்கறி, மீன் கழுவின தண்ணீர், பச்சையும் கறுப்புமாக நுரைத்து நின்றது. இன்ஜினியர் இடுப்பளவு நின்றார். அவரைச் சுற்றி மேனேஜரும் ஆடிட்டரும், இதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது என்பதுபோல, மல்லாந்து உருண்டு புரண்டன.

"அக்கா," என்றார் இன்ஜினியர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அதுங்க தேடறது குழாய்த் தண்ணி இல்லை போலிருக்கே."

"இல்லை தம்பி," என்றாள் அவள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அதுங்களுக்கு எதுன்னாலும் ஓகேதான்." அவருக்குக் கை கொடுக்கக் குனிந்தாள். ஆடிட்டர் அந்த நேரம் பார்த்து எழுந்து நின்று, தலையிலிருந்து வால்வரை ஓர் உதறு உதறியது.

திரும்பும்போது ஜீப் டிரைவர் தலையை வெளியே நீட்டிக்கொண்டேதான் ஓட்டினார். வீட்டு வாசலில் இறங்கிய மூன்று பேரையும், பின்னால் தயங்கி நின்ற இன்ஜினியரையும் பல்செட்டுக்காரர் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு குழாயடிக்குப் போய், முதல் வாளியை நிரப்ப ஆரம்பித்தார்.